பாட்டை எப்போது நிறுத்துவது? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பாடத்தில் இசையைச் சேர்க்கும் முறை

ஒன்று முதல் இருபது வரை ராகம் போட்டுப் பிழையில்லாமல் சொல்லும் பிள்ளையிடம் "ஏழுக்கு அடுத்து என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒன்றிலிருந்து மறுபடி பாடத் தொடங்குவார்கள். சிலர் பேசாமல் உங்கள் வாயையே பார்ப்பார்கள். பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டது, எண் இன்னும் வந்து சேரவில்லை. இசை வழியாகச் சொல்லித்தர வரும் புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: ஒரு பாட்டை வகுப்புக்குள் கொண்டுவரும் அன்றே, அதை எப்படி வெளியே எடுப்பது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டார வள மையங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் புதிதாகச் சேர்ந்த சிறப்பாசிரியர்கள், தன்னார்வலர்கள், வீட்டில் சொல்லித்தரும் பெற்றோர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான்கு தட்டை இடறாமல், வேகம் கூட்டாமல் தட்டத் தெரிந்தால் போதும்.

சிகிச்சை வேறு, பாடம் வேறு

இசை சிகிச்சை என்பது அதற்கென்று படித்துத் தேறியவர் செய்வது. வகுப்பில் ஒரு பாடத்தையோ பழக்கத்தையோ கற்பிக்க இசையைத் துணைக்கு வைத்துக்கொள்வதுதான் நம் வேலை. இந்த ராகம் கேட்டால் ஆட்டிசம் குறையும், அந்த ராகம் கேட்டால் பேச்சு வரும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களே ஐந்து மாதம் இசை சிகிச்சை கொடுத்தும், ஆட்டிசத்தின் தீவிரத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. மோட்சார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சுக்கு மூலமான 1993ஆம் ஆண்டு ஆய்வு, கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. அதில் தெரிந்த முன்னேற்றமும் கால் மணி நேரத்தைத் தாண்டவில்லை. விசில் ஊதினால் பேச்சு வரும் என்பதற்கும் நல்ல சான்று கிடையாது.

சரி, இசை என்னதான் தரும்? சீரான தாளம், அடுத்தது எப்போது வரும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. மெட்டு, சொற்களின் வரிசையைப் பிடித்து வைக்கிறது. "பையை எடு" என்று பத்து முறை சொன்னால் அது அதட்டல். பத்து முறை பாடினால் பிள்ளை முகம் சுளிப்பதில்லை. வகுப்புக்கு இது போதும்.

தொடங்குவதற்கு முன் பெற்றோரிடம் கேட்க வேண்டியவை

வலிப்பு உண்டா, உண்டென்றால் எது தூண்டுகிறது? மின்னும் விளக்கு வைத்த பொம்மைக் கீபோர்டும் கலர் லைட் ஸ்பீக்கரும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. இசையே வலிப்பைத் தூண்டுவது மிக அபூர்வம், ஆனாலும் உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை என்றால், கழுத்தின் மேல் எலும்பு இணைப்பு தளர்வாக இருக்க வாய்ப்புண்டு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை தலையை வேகமாக ஆட்டும் ஆட்டமும் குட்டிக்கரணமும் வேண்டாம். இவர்களில் பலருக்குக் காது கேட்பதிலும் குறை இருக்கும், எனவே காதுப் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். தண்டுவடப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை அதிகம் என்பதால் பலூனைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கடைசியாக, வீட்டில் எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான்: மிக்சியா, குக்கர் விசிலா, பட்டாசா? இந்த ஒரு கேள்விக்கான பதில் முதல் வாரத்து அழுகையில் பாதியைக் குறைக்கும்.

அறையும் கருவிகளும்

மொசைக் தரை, காங்கிரீட் கூரை, வெறுஞ்சுவர். நம்மூர் வகுப்பறையில் நான்கு பேர் தட்டினாலே சத்தம் சுற்றிச் சுற்றி வரும். ஜமுக்காளம் விரியுங்கள். ஒரு பக்கச் சுவரிலாவது பழைய போர்வையைத் தொங்கவிடுங்கள். போனில் டெசிபல் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். துல்லியமாக இருக்காது, ஆனால் உத்தேசம் தெரியும். குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் அதைத் தாண்டிவிடுவார்கள். கொடுக்காதீர்கள்.

தொடக்கத்துக்குக் கிலுகிலுப்பை நான்கு, கஞ்சிரா ஒன்று, கைப்பட்டியில் தைத்த சலங்கை இரண்டு ஜோடி போதும். கிலுகிலுப்பையை நீங்களே செய்யலாம். 200 மி.லி. குளிர்பான பாட்டிலில் இரண்டு மேசைக்கரண்டி அரிசி போடுங்கள். பாதி பாட்டில் நிரப்பினால் சத்தம் மங்கிவிடும், உள்ளே அரிசி உருள இடம் வேண்டும். அரிசியை வறுத்து ஆறவைத்துப் போடாவிட்டால் வண்டு பிடிக்கும். மூடியைப் பசை போட்டு இறுக்கி, மேலே டேப் சுற்றுங்கள். எந்த மூடியையும் பல்லால் திறக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். சலங்கையில் தையல் விட்ட மணி இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். வாயில் வைக்கும் குழல், மவுத் ஆர்கன் எல்லாம் ஆளுக்கு ஒன்று என்றால் மட்டுமே.

கீபோர்டு இருந்தால் கறுப்புக் கட்டைகளை மட்டும் விட்டுவிட்டு, வெள்ளைக் கட்டைகளை அட்டையால் மூடிவிடுங்கள். மிஞ்சும் ஐந்தும் மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள். எதை எப்படித் தொட்டாலும் காதுக்கு உறுத்தாது, தப்பு வாசித்துவிட்டோம் என்ற கூச்சமும் பிள்ளைக்கு வராது.

போனில் பாட்டுப் போடுவதைக் கூடியவரை தவிருங்கள். நடுவில் விளம்பரம் வரும் என்பது சின்னக் காரணம். பதிவு செய்த பாட்டு பிள்ளைக்காக நின்று காத்திருக்காது என்பதுதான் பெரிய காரணம். உங்கள் குரல் கரகரப்பாக இருந்தாலும் அது காத்திருக்கும்.

முதல் பாட்டு: படிப்படியாக

ஒரு பாட்டுக்கு ஒரே குறிக்கோள். வகுப்பு முடியும்போது பையை மாட்டி வரிசையில் நிற்பதை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று நாள் பாட்டே வேண்டாம். எத்தனை முறை நினைவூட்ட வேண்டியிருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு முறை என்று வருகிறதா? அப்படியானால் குறிக்கோளை இப்படி எழுதலாம்: "மணி அடித்தபின் ஒரு நினைவூட்டலுக்குள் பையை மாட்டி வரிசையில் நிற்பான், ஐந்து நாளில் நான்கு நாள்." ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்தில் அப்படியே ஏற்றிவிடலாம். "இசையில் ஆர்வம் காட்டுவான்" என்று எழுதினால் அதை யாராலும் அளக்க முடியாது.

பிறகு வரிகள். வரிக்கு ஒரு வேலை, நான்கு தட்டு:

பெட்டி மூடு
பேனா உள்ளே
பையை மாட்டு
வாசல் போவோம்

மெட்டு மூன்று நான்கு சுரங்களுக்குள் அடங்கட்டும். கும்மி, தாலாட்டு போன்ற ஏறி இறங்காத மெட்டுகள் பொருந்தும். சினிமாப் பாட்டின் மெட்டு சுலபம் என்று தோன்றும். ஆனால் பிள்ளைக்கு அதன் பழைய வரிகள் ஏற்கெனவே தெரியும். நீங்கள் "பெட்டி மூடு" என்று தொடங்கினால் அவன் ஹீரோவின் வரியைப் பாடிக்கொண்டு ஆடப் போய்விடுவான். வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தட்டு. கடிகார நொடி முள் ஓடுவது 60, அதை வைத்தே பழகலாம். ஆண் ஆசிரியர்கள் தங்கள் வசதிக்குக் கீழ்க்குரலில் பாடினால் பிள்ளைகள் கூடப் பாட முடியாமல் முணுமுணுப்பார்கள். குரலைக் கொஞ்சம் மேலே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பாடும்போது நடக்கும் மிகப் பெரிய பிழை இது: பாட்டு நான்காம் வரிக்குப் போயிருக்கும், பிள்ளை இன்னும் பெட்டியைத் தேடிக்கொண்டிருப்பான். பெட்டி மூடும்வரை "பெட்டி மூடு" வரியையே திரும்பத் திரும்பப் பாடுங்கள். வேலை முடிந்தால்தான் அடுத்த வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் சுவரில் இருக்கட்டும். குறிப்பாக டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக நிற்கும்.

இரண்டு மூன்று வாரத்தில் பாட்டு பழகிவிடும். பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றும் வேலை அதன்பின் தொடங்குகிறது. முதலில் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துங்கள்: "பெட்டி..." மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். புதியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே சொல்லிவிடுவார்கள். அந்த அவசரத்தில் போவது பிள்ளையின் வாய்ப்பு. அடுத்த கட்டத்தில் சொற்களை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் முனகுங்கள். அதற்கடுத்து மெட்டும் வேண்டாம், மேசையில் நான்கு தட்டு. கடைசியில் அதுவும் போய், மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்குப் போல "கிளம்பலாம்" என்ற சாதாரணக் குரல். ஐந்து நாளில் நான்கு நாள் சரியாக நடந்தால் ஒரு கட்டம் முன்னே போகலாம். தடுமாறினால் ஒரே ஒரு கட்டம் பின்னே வந்தால் போதும், முழுப் பாட்டுக்குத் திரும்ப வேண்டாம்.

எண் பாட்டில் கழற்றும் முறை வேறு. முதல் வாரத்திலிருந்தே நான்கிலிருந்து, ஒன்பதிலிருந்து என்று நடுவிலிருந்து பாடத் தொடங்குங்கள். எண் அட்டையைத் தொட்டுக்கொண்டே பாடட்டும். பாடி முடித்த அதே நிமிடத்தில், ராகமில்லாமல், கலைத்துப்போட்ட அட்டைகளில் மூன்றை மட்டும் கேளுங்கள்.

குறில், நெடில்: பாட்டு ஆகாத பாடம்

தமிழ் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகள் "படம்" என்பதைப் "பாடம்" என்றும் "வானம்" என்பதை "வனம்" என்றும் படிப்பது வழக்கம். இதற்குத் தாளத்தைவிட நல்ல கருவி இல்லை. இலக்கணமே அளவு போட்டுக் கொடுத்திருக்கிறது: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை.

குறிலுக்குத் தொடையில் ஒரு தட்டு. சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் கையை உடனே எடுத்துவிட வேண்டும். நெடிலுக்குத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை கையை இழுத்துச் செல்வது. மெய்க்குத் தட்டு கிடையாது, விரல்களை மடக்கினால் போதும். "கல்" என்றால் ஒரு தட்டு, மடக்கு. "கால்" என்றால் ஒரு இழுப்பு, மடக்கு. முதலில் நீங்கள் சொல்ல, பிள்ளை கையால் காட்டட்டும். அடுத்து நீங்கள் கையால் மட்டும் காட்ட, இரண்டு அட்டைகளில் எது என்று எடுக்கட்டும். பேச்சு வராத பிள்ளையும் இந்த இரண்டையும் செய்ய முடியும். மூன்றாவதாகத்தான் வாசிப்பு.

பிழை வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, பிள்ளைக்குப் புரியட்டும் என்று நொடிக்கு ஒரு தட்டாக நிதானமாகத் தட்டுவது. குறிலை ஒரு நொடி நீட்டினால் அது நெடிலாகிவிடும், கற்பிக்க வந்ததே கெட்டது. தட்டு குறுகியதாகவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் இருக்கட்டும். நிதானத்தைச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவிலுள்ள மௌனத்தில் வையுங்கள். இரண்டு, மெட்டுப் போட்டுப் பாடுவது. மெட்டு தன் வசதிக்குக் குறிலை இழுக்கும். இந்தப் பாடத்துக்கு ராகம் வேண்டாம்; மிருதங்கக்காரர்கள் "தகதிமி" சொல்வதுபோல் தாளத்தோடு பேசினால் போதும்.

சொற்களின் வரிசையிலும் கவனம் வேண்டும். மெய்யில் முடியும் ஜோடிகளே முதலில்: கல்–கால், பல்–பால், படம்–பாடம், நிலம்–நீலம், வனம்–வானம். மலை–மாலை, குடை–கூடை பார்க்க எளிதாகத் தெரியும், ஆனால் நெடில் என்று சொல்லித்தந்த ஐகாரம் சொல்லின் கடைசியில் சுருங்கி ஒரு மாத்திரையாகத்தான் ஒலிக்கும். விடு–வீடு ஜோடியில் கடைசி உகரம் இரண்டு சொல்லிலும் ஒரே அளவு ஒலிப்பதில்லை. கெட்டிக்காரப் பிள்ளை இதைக் காதால் பிடித்துக்கொண்டு உங்களைக் கேள்வி கேட்கும். இவற்றை இரண்டாம் மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

பிள்ளைக்குப் பிள்ளை மாறுபவை

காது கேளாத பிள்ளைக்கு இசை எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளென்னி, 12 வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர், அதிர்வை உணர வெறுங்காலோடு வாசிப்பவர். சிமெண்ட் தரை லேசில் அதிராது. ஒரு பிளைவுட் பலகையை நான்கு மூலையிலும் மரக்கட்டை வைத்துத் தரையிலிருந்து தூக்கி, அதன்மேல் பிள்ளையை வெறுங்காலோடு உட்காரவைத்து, அதே பலகையில் பெரிய மேளத்தை வையுங்கள். மெதுவாகத் தட்டினாலே காலில் தெரியும். கேட்காதுதானே என்று ஸ்பீக்கரை ஏற்றாதீர்கள். காது மெஷின் போட்ட பல பிள்ளைகளுக்கு ஓரளவுக்கு மேல் சத்தம் வலியாக மாறும். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) வைத்தவர்களுக்குத் தாளம் நன்றாகவே பிடிபடும், சுரம் கலங்கலாகக் கேட்கும். அவர்களிடம் சுருதி சேர்ந்து பாடுவதை எதிர்பார்ப்பது அநியாயம்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு உடம்பு விறைத்துப்போகும். மெல்லத் தொடங்கி ஏற்றுங்கள், பின்னாலிருந்து தட்டாதீர்கள். கை ஏற்கெனவே எந்தப் பக்கம் அசைகிறதோ அங்கே கஞ்சிராவை ஸ்டாண்டில் கட்டுங்கள். எந்த அசைவு நல்லது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குச்சி பிடிக்க முடியாவிட்டால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கலாம் (ரப்பர் ஒவ்வாமை இருந்தால் துணி). டேப்லெட்டில் தட்டினால் ஒலிக்கும் ஆப் கொடுக்கும்போது ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். தட்டியதற்கும் சத்தத்துக்கும் நடுவே ஒரு தாமதம் விழும். "நான் தொட்டதால்தான் ஒலித்தது" என்பதை இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு அந்தத் தாமதத்தில் தொடர்பே அறுந்துவிடும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்தினால் அந்தக் கணமே நிறுத்துங்கள். கேட்கக் கேட்கப் பழகிவிடும் என்று பக்கத்திலேயே அடித்துக்கொண்டிருப்பது கொடுமை. புதிய கருவியை ஓசையில்லாமல் முதலில் கையில் கொடுங்கள், பிறகு அறைக்கு வெளியிலிருந்து ஒலியுங்கள். "நிறுத்து" அட்டை அவன் கையிலேயே இருக்கட்டும். அவன் காட்டினால் நீங்கள் நிறுத்த வேண்டும். அடக்கம் பழக்கவும் நிறுத்தும் ஆட்டம் ஒன்று உதவும்: நான்கு தட்டு வாசிப்பு, நான்கு தட்டு மௌனம். வாசிப்பதைவிட நிறுத்துவதுதான் எல்லாப் பிள்ளைக்கும் கடினம்.

பார்வையற்ற பிள்ளை என்றாலே பாட்டு வகுப்பில் தள்ளிவிடும் பழக்கத்தை விடுவோம். அவர்களிலும் பாட்டில் ஆர்வம் இல்லாதவர் உண்டு. கருவியைப் பழக்கும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் கையைக் கீழே வைத்து, அவர் கை அதன்மேல் பயணிக்க விடுங்கள்.

நேரம், ஆள், பதிவு

நான்கிலிருந்து ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள். முதல் மாதம் ஒரு வகுப்பு பத்து நிமிடம், பிறகு இருபது. பெயர் சொல்லி வரவேற்கும் பாட்டும் முடிவுப் பாட்டும் ஆண்டு முழுக்க ஒன்றாகவே இருக்கட்டும். உங்களுக்குச் சலிக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது. நடுவில் ஒரே ஒரு குறிக்கோள் பாட்டு.

மூன்று வாரமாக நினைவூட்டல் எண்ணிக்கை நகரவில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: வேகம், அல்லது வரியின் நீளம், அல்லது உட்காரும் இடம். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. மாதக் கடைசியில் வேறொரு ஆசிரியர், வேறொரு அறையில், பாட்டில்லாமல் சோதித்துப் பார்க்கட்டும். அந்தச் சோதனையில் தேறியதை மட்டும் கற்றது என்று பதிவேட்டில் எழுதுங்கள்.

வீட்டிலும் அதே மெட்டு ஓட வேண்டும் என்றால் உங்கள் குரலில் அரை நிமிடம் பதிந்து பெற்றோருக்கு அனுப்புங்கள். கூடவே இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இல்லாவிட்டால் பள்ளியில் நீங்கள் மேசையைத் தட்டும் கட்டத்துக்கு வந்திருப்பீர்கள், வீட்டில் பாட்டி ஆசையாக முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருப்பார்.